ஒரு நிமிடம் பதினான்கு நொடி

என் மனைவி நகராட்சித் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்ன நாளில் என் இரத்த அழுத்தம் நூற்று அறுபது. அதற்கு முந்தின மாதம் நூற்று நாற்பது. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்ற செய்தி காலையில் வந்தது. மாலைக்குள் அவளுடைய மகளிர் குழுவிலிருந்து பதினேழு பெண்கள் வீட்டுக்கு வந்து, "நீதான் நிக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் நான்தான் காபி போட்டேன். வீட்டில் டம்ளர் பன்னிரண்டுதான் இருந்தது. அந்தக் கவலை தனி.

நான் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதி எழுதி, எதைப் பார்த்தாலும் எண்ணத் தோன்றும். கல்யாணமானதும் பிள்ளையார்பாளையத்தில் இருந்த அவளுடைய அப்பா வீட்டிலேயே குடியேறினேன். தறிக்காரர்கள் தெருவில் அத்தனை வருடம் இருந்தும் எனக்குத் தறி தெரியாது. தெருவில் எத்தனை தறி என்று மட்டும் தெரியும். நாற்பத்தொன்று.

இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. செல்போனில் படமும் பிடிக்கலாம் என்ற செய்தி எங்கள் தெருவுக்கு அப்போதுதான் வந்திருந்தது.

அவள் எந்தக் கட்சியிலும் இல்லை. சுயேச்சை. சின்னமாகத் தண்ணீர்க் குழாய் கேட்டாள், கத்தரிக்கோல் கொடுத்தார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். எதிர்வீட்டுத் தறிக்காரரும், "இன்னாம்மா இது, தறிக்காரன் தெருவுல கத்தரிக்கோலத் தூக்கிக்கினு ஓட்டு கேப்பியா?" என்றார்.

"சேல முடிஞ்சா தறிலருந்து எதால அறுப்பீங்க? பல்லாலயா?" என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம், என் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. மொத்தம் இரண்டாயிரத்து நூற்று எட்டுப் பெயர். நமக்குப் போடுகிறவர்களுக்குப் புள்ளி, அவர்களுக்குப் போடுகிறவர்களுக்குப் பெருக்கல் குறி, வாக்குச்சாவடிக்கே வராதவர்களுக்கு வட்டம். மூன்று முறை குறித்துப் பார்த்தேன். மூன்று முறையும் அவள் நூற்றுச் சொச்சம் வாக்கில் தோற்றாள். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் முந்நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் சென்னை நெடுஞ்சாலைத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை, கொஞ்சம் பேர் பெங்களூரு, மீதி கல்லூரி. அவர்களில் இருநூற்றுத் தொண்ணூறு பேருக்கு வட்டம் போட்டேன். கவுன்சிலர் தேர்தலுக்காக யார் லீவு போட்டுவிட்டு வருவான்?

எதிர்த்து நின்றவள் பெரிய கட்சியின் வேட்பாளர். வேட்பாளர் என்று பேர்தான். அவளுடைய கணவர்தான் கட்சியில் பெரிய ஆள். சுவரொட்டியில் அவர் படம் முழங்கை அளவு, அவள் படம் உள்ளங்கை அளவு. ஜீப்பில் அவர் முன்னால் நின்று கும்பிடுவார். அவள் பின்சீட்டில் மாலையோடு உட்கார்ந்திருப்பாள். முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளி, அவளும் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள்தான்.

அந்த ஜீப் ஒரு நாள் காலை ஆறு நாற்பத்தெட்டுக்கு எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. அப்போது எதிர்வீட்டுக்காரரின் பாவு தெருவில் நீட்டியிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று சேலைக்கு வேண்டிய பட்டு நூலை நெடுக்காக விரித்து, தெரு நடுவே இரண்டு முனையிலும் கட்டி, நடுவில் கழிகள் கொடுத்து இழை இழையாகப் பார்த்துச் சுற்றுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். தெரு குறுகல். பாவு கிடந்தால் சைக்கிள்கூட ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போகும். கல்யாண ஊர்வலமும் சாவு ஊர்வலமும் பக்கத்துத் தெருவால் சுற்றிப் போகும். யாரும் யாரிடமும் கேட்பதில்லை, பாவைப் பார்த்ததும் திரும்பிவிடுவார்கள்.

ஜீப் திரும்பவில்லை. ஒலிபெருக்கியில் பாட்டை நிறுத்தாமலே ஹாரன் அடித்தார்கள். "நாலு பேரு புடிச்சி ஓரமா நவுத்துங்கபா, ரெண்டு நிமிஷ வேல" என்று முன்னால் நின்ற கணவர் கையை ஆட்டினார்.

என் மனைவி வீட்டிலிருந்து இறங்கிப்போய் ஜீப்புக்கும் பாவுக்கும் நடுவில் நின்றாள். "பாவு கெடக்குது. வண்டி வராது."

"பிரசாரத்துக்கு டைம் குடுத்திருக்காங்கம்மா. நீயும் கேண்டிடேட்தானே, தெரியாதா?"

"தெரியும். ஒரு இழை அறுந்தா சேத்து முடியறதுக்கு நீங்க எறங்கி வருவீங்களா? வரேன்னு சொல்லுங்க, நானே நவுத்தறேன்."

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ஜீப்பில் ஆறு ஆள், பின்னால் மோட்டார் சைக்கிளில் எட்டு ஆள். பதினான்கு பேர். சண்டை வந்தால் யார் அடிபடுவது? எதிர்வீட்டுக்காரரைக் கேட்டேன், இன்னும் இருபத்திரண்டு நிமிட வேலை இருக்கிறது என்றார். இருபத்திரண்டு நிமிடம் இந்தப் பதினான்கு பேர் சும்மா இருப்பார்களா? "விடும்மா, போகட்டும், நான் புடிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, கடைசிக் கழியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன்.

முப்பது வருடத்துக்கு மேல் அந்தத் தெருவில் இருந்தவன் செய்கிற காரியமா? ஒரு முனையை மட்டும் தூக்கினால் இழுவை ஒரே பக்கம் விழும் என்று அங்கே நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"கைய எடுங்க!" என்று கத்தினாள் என் மனைவி. அவள் என்னைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. நான் கையை எடுத்தேன். கழி நழுவியது. டப் டப்பென்று இழைகள் அறுந்தன. ஒலிபெருக்கியை யாரோ நிறுத்தினார்கள்.

அப்போதுதான் பின்சீட்டிலிருந்து அந்தப் பெண் இறங்கினாள். கணவர், "ஏய், நீ எங்க போற?" என்றார். மாலையைக் கழற்றிச் சீட்டில் வைத்தாள். வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டாள். பாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எதிர்வீட்டம்மா நீட்டிய கிண்ணத்தில் சாம்பலைத் தொட்டு, அறுந்த முனைகளை விரல் நுனியில் முறுக்கி முறுக்கிச் சேர்த்தாள். ஏழு இழை. எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஜீப்பை நோக்கி நடந்தாள். அவள் ஏறிய பிறகு அந்த ஜீப் தெரு முழுவதும் பின்பக்கமாகவே உருண்டு வெளியே போனது.

எதிர்வீட்டுக்காரரின் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு முதல் ஓட்டு. வாசற்படியில் நின்று இதையெல்லாம் செல்போனில் பிடித்திருக்கிறாள். அன்று மாலைக்குள் படம் தறிக்கூடத்துக்குத் தறிக்கூடம் ப்ளூடூத்தில் ஓடிவிட்டது. நான் கடைக்குப் போனால், முன்பின் தெரியாத பையன், "தாத்தா, கைய எடுங்க!" என்கிறான். பேருந்து நிலையத்தில் டீ கிளாஸைத் தொட்டேன், இரண்டு பேர் ஒரே குரலில், "கைய எடுங்க!" மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒன்பது தடவை கேட்டுவிட்டேன்.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் போனேன். "அத அழிச்சிடும்மா."

"போன்ல அழிச்சா போதுமா பெரிப்பா? நேத்தே நெட்ல ஏத்திட்டேனே. வெளியூர்ல வேல செய்றவங்க எல்லாம் பாக்கறாங்க."

அவளே என்னைக் கடைத்தெரு பிரௌசிங் சென்டருக்கு அழைத்துப்போனாள். தட்டி போட்டுத் தடுத்த ஐந்து கம்ப்யூட்டர், அதில் ஒன்று ரிப்பேர். படம் வந்தது. ஒரு நிமிடம் பதினான்கு நொடி. ஹாரன், என் மனைவி, அவள் குரல், பிறகு கழியைப் பிடித்துக்கொண்டு ஆமை மாதிரி குனிகிற நான், "கைய எடுங்க!" அதோடு சரி, படம் நின்றுவிட்டது. கீழே ஓர் எண் இருந்தது. இருநூற்றுப் பதினான்கு.

"இது இன்னா?"

"இத்தன வாட்டி பாத்திருக்காங்க."

இன்னொரு தரம் போடச் சொன்னேன். இருநூற்றுப் பதினைந்து. "பாரு பாரு, இன்னொருத்தன் பாத்துட்டான்!" என்றேன்.

"அது நீங்கதான் பெரிப்பா."

அழிக்கச் சொல்லப் போனவன் நான். மறுநாள் காலை சென்டர் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். நானூற்று எழுபது. அதற்கு மறுநாள் எண்ணூற்றுப் பன்னிரண்டு. முப்பத்தொரு வருடம் வண்டி எண்ணியவனுக்கு, உட்கார்ந்த இடத்தில் தானாகவே ஏறுகிற எண் கிடைத்தால் எப்படி இருக்கும்? வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து மனைவியிடம் சொல்வேன். பட்டியலை எடுத்து வட்டங்களைப் புள்ளியாக்கலாமா என்று பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவேன். ஆனால் பயமும் விடவில்லை. பேருந்தில் ஏறியவன் எங்கே இறங்குவான் என்று டிக்கெட் சொல்லும். இந்த எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் எந்த வார்டு? வாலாஜாபாத்காரன் ஆயிரம் தடவை பார்த்து நமக்கு என்ன லாபம்?

வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது என் மனைவி, "எல்லாரும் பாத்துட்டாங்க, நான் பாக்கல. காட்டுங்க" என்றாள். எதிர்வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மூவரும் போனோம். எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. அவள் முடிவுவரை பார்த்தாள். "மீதி எங்க?" என்றாள்.

"மெமரி ஃபுல்லாயிடுச்சி பெரிம்மா. அதோட கட்டாயிடுச்சி."

"அந்தப் பொண்ணு எறங்கி வந்து முடிஞ்சாளே, அது?"

"அது வரல."

படத்துக்குக் கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னாள். எதிர்வீட்டுப் பெண் தயங்கித் தயங்கிப் படித்தாள். பாதி என் மனைவிக்குப் பாராட்டு. கொஞ்சம் எனக்குக் கேலி. மற்றதெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி. மண் பொம்மை என்று ஒருவன். பட்டு கட்டத் தெரியும், பாவு தெரியாது என்று ஒருவன். இன்னொன்றைப் படிக்காமல் விட்டுவிட்டாள்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் என் மனைவி அவளிடம், "இன்னொரு படம் புடி. நான் சொல்றேன்" என்றாள்.

"பெரிம்மா! இப்பதான் பசங்க எல்லாம் நம்ம பக்கம் வந்திருக்காங்க. கவுந்துடும்!"

நானும் கெஞ்சினேன். "நாம பொய் சொல்லலியே. படம் நின்னுபோச்சி, அவ்வளவுதான். வாக்குப்பதிவு முடியட்டும், மறுநாளே சொல்லிடலாம்."

"ஓட்டு போட்டப்புறம் சொன்னா அது யாருக்கு?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அறுத்தது நீங்க. முடிஞ்சது அவ. திட்டு அவளுக்கா?" என்றாள்.

நான் பட்டியலை மூடி அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் காலை அதே இடத்தில் நின்று பேசினாள். முப்பத்தெட்டு நொடி. "நீங்க பாத்த படம் பாதிதான். பாவு அறுந்தது என் வூட்டுக்காரரால. ஜீப்புலருந்து அந்தப் பொண்ணுதான் எறங்கி வந்து முடிஞ்சிக் குடுத்தா. அவள யாரும் திட்டாதீங்க. ஹாரன் அடிச்சது அவ இல்ல. எனக்கு ஓட்டு போடறதுன்னா தண்ணிக்கும் சாக்கடைக்கும் போடுங்க, இதுக்குப் போடாதீங்க."

அதையும் இணையத்தில் ஏற்றினார்கள். அன்று மாலை போய்ப் பார்த்தேன். முதல் படம் ஆயிரத்து இருநூறு. இரண்டாவது அறுபத்து மூன்று. அதில் நான்கு நான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, யாரும் கேட்கவும் இல்லை. இதைவிட நல்லது உண்டா? ஆனால் அவள் என்னிடம், "எத்தன பேரு?" என்று கேட்டாள். எண்ணில் பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னேன்.

"அப்ப நடந்துதான் ஆவணும்" என்று செருப்பை மாட்டினாள்.

பிரசாரம் ஓய இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளையும் நான் மறக்கவே மாட்டேன். முன்னால் என் மனைவி, கூடவே எதிர்வீட்டுப் பெண், பின்னால் கைக்கடிகாரத்தோடு நான். தறிக்கூடம் தறிக்கூடமாக நுழைவோம். "மொத படம் யார்கிட்ட இருக்குது? போன எடுங்க, ப்ளூடூத்த ஆன் பண்ணுங்க!" என்று எதிர்வீட்டுப் பெண் குரல் கொடுப்பாள். தறிப் பள்ளத்திலிருந்து கைகள் போனோடு உயரும். இரண்டாவது படம் ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஐம்பது நொடி. வாங்கியவன் பக்கத்தில் இருப்பவனுக்கு அனுப்புவான். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் நாங்கள் போகிற தெருவுக்கு எங்களுக்கு முன்னாலேயே படம் போயிருந்தது. "வந்துடுச்சிக்கா, பாத்துட்டோம்!" என்று மாடியிலிருந்து கத்தினார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது, கால் வலித்தது, ஆனால் நின்று மூச்சு வாங்கத் தோன்றவில்லை. என்னைப் பார்த்தவர்கள், "கைய எடுங்க" என்றார்கள். நானும் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினேன். சிரிப்பு இரண்டு தெரு தள்ளிக் கேட்டிருக்கும்.

ஒரு தறிக்கூடத்தில் மட்டும் இளைஞன் ஒருவன், "இன்னாக்கா, எதிராளிக்கே பிரசாரம் பண்றியே? நீ ஜெயிக்கற ஆளே இல்ல" என்றான்.

"அத நீ போய்க் குத்திட்டு வந்து சொல்லு" என்றாள்.

வாக்குப்பதிவு நாளன்று சாவடிக்கு வெளியே மேசை போட்டு, பட்டியலை வைத்துக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுத்தேன். பத்து மணிவரை வழக்கமான முகங்கள். பத்தே காலுக்கு நெடுஞ்சாலைப் பேருந்து திருப்பத்தில் நின்று, இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் தொழிற்சாலைச் சட்டையோடே இறங்கி வந்தார்கள். ஒன்று, இரண்டு, பத்தொன்பது. பெங்களூருவிலிருந்து ஒரு வேன். கல்லூரிப் பெண்கள் கும்பலாக. நான் வட்டம் போட்ட பெயர்கள் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்று வரிசை எண் கேட்டன. வட்டத்தின் மேல் கோடு போட்டுப் போட்டுப் பென்சில் முனை இரண்டு தரம் உடைந்தது. மாலைக்குள் இருநூற்று மூன்று வட்டங்கள் அடிபட்டன. யாருக்குப் போட்டார்கள் என்று மட்டும் தெரியாது. அதற்குப் போடக் குறி என்னிடம் இல்லை. அந்த இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டு, பாவம் என்று அந்தப் பெண்ணுக்கே குத்தியிருந்தால்?

எண்ணுகிற இடத்தில் என்னை உள்ளே விட்டார்கள், வேட்பாளரின் முகவர் என்று. வாக்குச் சீட்டுகளை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டினார்கள். ஒரு கட்டு அவர்களுக்கு, ஒரு கட்டு நமக்கு. பெரிய கட்சியின் கட்டுகள் முந்தின. நாம் பிடித்தோம். மறுபடி முந்தின. நான் இரத்த அழுத்த மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன். கடைசியில் கத்தரிக்கோல் அறுநூற்று எண்பத்து நான்கு, அவர்கள் அறுநூற்று எழுபத்து மூன்று. பதினோரு வாக்கு.

"திரும்ப எண்ணுங்க!" என்று அந்தக் கணவர் மேசையைத் தட்டினார். திரும்ப எண்ணினார்கள். அதே பதினொன்று. நான் எண்ணியதும் அதேதான் என்று அதிகாரியிடம் சொன்னேன், அவர் கேட்காமலே.

வெளியே எதிர்வீட்டுப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பட்டாசு, கூச்சல், போன்கள் எல்லாம் தலைக்கு மேலே தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. கணவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அந்தப் பெண் போகவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என் மனைவியிடம் வந்தாள். சுற்றி இருந்தவர்கள் வழி விட்டார்கள்.

"நீங்க சொன்னத பாத்தேன்க்கா" என்றாள். "இப்ப ஜீப்புல ஏறறப்ப எங்க வூட்டுக்காரரு கேட்டாரு, நாம எண்ணி வச்சதவிட நூறு ஓட்டு உனக்கு எப்படி கூட வந்துச்சின்னு. எனக்குன்னு வந்த ஓட்டு அது."

என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"சார், தெருவெல்லாம் ஏழு இழைன்னு சொல்லிக்கினு வந்தீங்களாமே?"

"ஆமாம்மா. நான் எண்ணினேன்."

"எட்டு சார். ஒண்ணு உங்க காலுக்குக் கீழ மாட்டிக்கினு இருந்துச்சி. நீங்க நவுரவே இல்ல. உங்க கால தள்ளிட்டுத்தான் முடிஞ்சேன்."

அன்று காலை யாரோ என் காலைத் தள்ளியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, ஏழை அடித்து எட்டு என்று எழுதினேன். முப்பத்தொரு வருடத்தில் நான் அடித்துத் திருத்திய எண்கள் மிகக் குறைவு. இதை மட்டும் சந்தோஷமாகத் திருத்தினேன்.